239-வது டைனோசார்

ஜுராஸிக் பார்க் படம் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள். சரி, இறக்கலாம். மைக்கேல் கிரைட்டன் எழுதிய நாவலைப் படித்தவர்கள்? பின் வரிசையில் நாலு கை தெரிகிறது. போதும். இந்த வாரம் மற்றவர்களுக்காக.

நாவல் வந்தது 1990-ல். ஸ்பீல்பெர்க் படம் 1993-ல். புத்தகம் அச்சாகிக் கடைக்கு வருவதற்கு முன்பே யூனிவர்சல் கம்பெனி 15 லட்சம் டாலர் கொடுத்து உரிமையை வாங்கிவிட்டது. திரைக்கதை எழுத கிரைட்டனுக்கு மேற்கொண்டு 5 லட்சம். கடைசி வடிவத்தை எழுதியவர் டேவிட் கெப். கிரைட்டன் லேசுப்பட்ட ஆசாமி இல்லை. ஹார்வர்டில் டாக்டருக்குப் படித்துவிட்டு ஊசி போடாமல் நாவல் போட்டவர். 1973-ல் வெஸ்ட்வர்ல்ட் என்ற படத்தை எழுதி இயக்கினார். அதிலும் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. ரோபோக்கள் கெட்டுப்போய், டிக்கெட் வாங்கி வந்தவர்களையே சுட்டுத் தள்ளும். பூங்கா என்றாலே மனுஷருக்கு ஆகாது போல.

ஆதாரக் கதை இரண்டிலும் ஒன்றுதான். மரப்பிசினில் மாட்டிச் செத்த கொசு. அதன் வயிற்றில் டைனோசார் ரத்தம். அதிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, ஓட்டை விழுந்த இடங்களைத் தவளை டி.என்.ஏ.வால் ஒட்டுப் போட்டு, கோஸ்டா ரிகா பக்கத்தில் ஒரு தீவில் டைனோசார் வளர்க்கிறார் ஹாமண்ட் என்கிற பணக்காரர். எல்லாமே பெண் டைனோசார். ஆகவே குஞ்சு பொரிக்காது. ஆகவே எல்லாம் நம் கட்டுப்பாட்டில். இந்த இரண்டாவது 'ஆகவே'தான் தகராறு.

சில்லறை வித்தியாசங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நாவலில் பையன் டிம் மூத்தவன், கம்ப்யூட்டரைத் தட்டுகிறவனும் அவனே. படத்தில் அக்கா லெக்ஸ் மூத்தவள், கம்ப்யூட்டர் அவள் கைக்குப் போகிறது. நாவலில் டாக்டர் கிராண்டுக்குக் குழந்தைகள் என்றால் பிரியம். படத்தில் ஆரம்பத்தில் அலர்ஜி. நாவலில் வக்கீல் ஜெனரோ தைரியசாலி, கடைசி வரை பிழைத்திருக்கிறார். படத்திலோ கழிப்பறையில் உட்கார்ந்திருக்கும்போது டி-ரெக்ஸ் கவ்விக்கொண்டு போகிறது. தியேட்டரில் கைதட்டல். வக்கீல்களுக்கு எந்த ஊரிலும் இதுதான் மரியாதை.

விஷயத்துக்கு வருகிறேன். நாவலின் உயிர் ஓர் அட்டவணை. ஆமாம், ஆபீஸில் நாம் தினமும் போடுகிறோமே, அதே மாதிரி வரிசை, கட்டம், கடைசியில் டோட்டல்.

தீவு முழுக்க சென்ஸார்கள் வைத்து கம்ப்யூட்டர் சதா தலை எண்ணிக்கொண்டே இருக்கிறது. இருக்கவேண்டிய டைனோசார் 238. எப்போது கேட்டாலும் '238 இருக்கிறது' என்கிறது. டேலி! கண்ட்ரோல் ரூமில் எல்லாருக்கும் பெருமை. இயன் மால்கம் என்கிற கணித நிபுணருக்கு மட்டும் உறுத்துகிறது. அவருக்கு ஒரு கிராஃப் காட்டியிருந்தார்கள். காம்ப்பி எனப்படும் கோழி சைஸ் டைனோசார்களின் உயரக் கணக்கு. அழகாக நடுவில் உயர்ந்து இரு பக்கமும் இறங்கும் மணி வடிவம். அதுதான் தப்பு என்கிறார் மால்கம். ஆறு ஆறு மாத இடைவெளியில் மூன்று பேட்ச்சாக விட்ட பிராணிகள் என்றால் கிராஃபில் மூன்று மேடு இருக்கவேண்டும். ஒரே மேடு என்றால், அங்கே குடும்பம் நடக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் கிராண்ட் கையில் ஒரு முட்டை ஓட்டுத் துண்டு கிடைக்கிறது. மால்கம் ரேடியோவில் கண்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டு, 239 தேடச் சொல்லுங்கள் என்கிறார். கம்ப்யூட்டர் சமர்த்தாக 239 கண்டுபிடிக்கிறது. 300 தேடச் சொல்கிறார். வந்த விடை 292.

நடந்தது இதுதான். கம்ப்யூட்டரிடம் கேட்ட கேள்வி, '238 இருக்கிறதா?' அது 238 வரை எண்ணியதும், 'இருக்கிறது ஐயா' என்று வேலையை நிறுத்திவிட்டது. ஒன்று செத்துப்போனால், ஓடிப்போனால் தெரியவேண்டும் என்றுதான் எல்லாருக்கும் கவலை. கூடிப்போகும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அட்டவணையில் வெலாசிராப்டர் வரியைப் பாருங்கள். இருக்கவேண்டியது 8. இருப்பது 37. எனக்கு நாவலில் முதுகு சில்லிட்ட இடம் இதுதான். பல் இல்லை, நகம் இல்லை, ரத்தம் ஒரு சொட்டு இல்லை. வெறும் இரண்டு நம்பர்.

படத்தில் இந்த அட்டவணை இல்லை. கிராண்ட் மரத்தடியில் முட்டை ஓடுகளைப் பார்க்கிறார், தவளைதான் காரணம் என்கிறார், அரை நிமிஷத்தில் முடிந்தது. ஸ்பீல்பெர்க்கைக் குறை சொல்லமாட்டேன். திரையில் அட்டவணையைக் காட்டினால் ஜனங்கள் முறுக்கு வாங்க எழுந்து போய்விடுவார்கள். அவர் வேறு வழியில் பயமுறுத்துகிறார். கார் டாஷ்போர்டில் ஒரு டம்ளர் தண்ணீர், அதில் வட்ட வட்டமாக அதிர்வு. அடியில் ஒரு கிடார் தந்தியைக் கட்டி மீட்டி எடுத்தார்களாம். 127 நிமிஷப் படத்தில் டைனோசார் தலைகாட்டுவது மொத்தமே 15 நிமிஷம் போல. மீதியெல்லாம் இந்த மாதிரி டம்ளர் வேலைதான். அந்த வித்தையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

எனக்கு ஸ்பீல்பெர்க்கோடு சண்டை வேறு இடத்தில். முதலாளி விஷயத்தில்.

படத்தின் ஹாமண்ட் வெள்ளைத் தாடி, வெள்ளைச் சட்டை, ஊன்றுகோல், சிரித்த முகத் தாத்தா. நடித்தவர் ரிச்சர்ட் அட்டன்பரோ. 1983 ஆஸ்கரில் ஸ்பீல்பெர்க்கின் ஈ.டி.யைத் தோற்கடித்ததே காந்தி, அந்தக் காந்தியை இயக்கியவர். வெற்றி பெற்றவரையே கூப்பிட்டு நடிக்க வைத்தது பெருந்தன்மைதான். எல்லாம் நாசமான பிறகு இந்தத் தாத்தா தனியாக உட்கார்ந்து, உருகுகிற ஐஸ்கிரீமைச் சாப்பிட்டபடி, தான் ஆரம்பத்தில் நடத்திய தெள்ளுப்பூச்சி சர்க்கஸைப் பற்றிச் சொல்வார். நமக்குத் தொண்டை அடைக்கும். பாவம், நல்ல மனுஷர், யாரோ கெடுத்துவிட்டார்கள்.

யார்? டென்னிஸ் நெட்ரி. குண்டு, குப்பை மேஜை, சதா தின்பண்டம். போட்டிக் கம்பெனியிடம் 15 லட்சம் டாலருக்குப் பேரம் பேசி, கருக்களைத் திருட வேலியின் கரண்ட்டை நிறுத்திய கம்ப்யூட்டர் புரோகிராமர். படத்தில் அவர் சம்பளம் போதவில்லை என்று முணுமுணுக்கிற காட்சி ஒரு நிமிஷம் வருகிறது. பேராசைக்காரன் என்று முடிவு கட்டிக்கொண்டு மேலே போகிறோம்.

நாவலிலும் நெட்ரி திருடர்தான். ஆனால் முன்கதை இருக்கிறது. எதற்கு என்றே சொல்லாமல் ரகசியமாக சிஸ்டம் எழுதச் சொல்கிறார்கள். எழுதி முடித்ததும் 'இதை மாற்று, அதைச் சேர்' என்கிறார்கள். ஒப்பந்தத்தில் இல்லையே, கூடுதல் காசு கொடுங்கள் என்றால் வழக்குப் போடுவதாக மிரட்டல். அவருடைய மற்ற வாடிக்கையாளர்களுக்கு, 'இந்த ஆளை நம்பவேண்டாம்' என்கிற தொனியில் கடிதம் வேறு. கடைசியில் ஓசியில் வேலை வாங்குகிறார்கள். இந்தப் பத்தியைப் படித்துப் பெருமூச்சு விடாத புரோகிராமர் இருந்தால் எனக்கு ஒரு கார்டு போடவும்.

நாவலின் ஹாமண்ட் தாத்தா இல்லை, வியாபாரி. மருந்து கண்டுபிடிக்காதே என்று தன் விஞ்ஞானிக்கே உபதேசம் செய்கிறார். மருந்துக்கு அரசாங்கம் விலை பேச வரும். பொழுதுபோக்கு யாருக்கும் அவசியமில்லை, அதனால் என்ன விலை வைத்தாலும் கேட்பாரில்லை! கடைசியில் பேரக் குழந்தைகள் ஸ்பீக்கரில் விளையாட்டாகப் போட்ட டி-ரெக்ஸ் உறுமலைக் கேட்டு ஓடி, சரிவில் உருண்டு, கணுக்கால் உடைந்து விழுகிறார். காம்ப்பிகள் சூழ்கின்றன. அதே அட்டவணையில் 49 என்று போட்டு 65 ஆகிப்போன காம்ப்பிகள். அந்த நேரத்திலும் அவர் மனசில், மற்றவர்கள் செய்த தப்புகளின் பட்டியல் ஓடுகிறது.

இன்னொன்று. நாவலில் சிஸ்டத்தை நிறுத்தித் திரும்ப ஏற்றிய பிறகு, மெயின் ஜெனரேட்டர் ஓடவே இல்லை. உதவி ஜெனரேட்டரில் விளக்கு எரிகிறது, வேலிக்குக் கரண்ட் இல்லை. மணிக்கணக்காக ஒருவரும் கவனிக்கவில்லை. இதைச் செய்தவர் நெட்ரி இல்லை. அவர் அதற்கு முந்தின ராத்திரியே டைனோசாருக்கு இரையாகிவிட்டார். நல்ல எஞ்சினியர்கள், தூங்காத கண்களோடு, எல்லாம் சரி என்று நம்பிக்கொண்டு செய்தது.

அதாவது படத்தின்படி ஒரு கெட்ட ஆள் ஸ்விட்சை அணைத்ததால் பூங்கா அழிந்தது. அந்த ஆள் மட்டும் இல்லையென்றால் இன்றைக்கும் டிக்கெட் விற்றுக்கொண்டிருப்பார்கள். நாவலின்படி நெட்ரி பிறப்பதற்கு முன்னாலேயே பூங்கா தோற்றுவிட்டது. அவர் தீவுக்கு வருவதற்கு ரொம்ப நாள் முன்பே 239-வது குஞ்சு பொரிந்திருக்கலாம். 238 என்ற ரிப்போர்ட்டில் மேலதிகாரிகள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதாவது கவிழ்ந்தால் உடனே 'எந்தப் பயல் செய்தான்?' என்று கேட்பது சினிமா கேள்வி. 'இத்தனை நாள் என்னத்தை எண்ணிக்கொண்டிருந்தோம்?' என்பது நாவல் கேள்வி. மெமோ முதல் கேள்விக்குத்தான் வரும். பதில் இரண்டாவதில் இருக்கும்.

படத்தை இன்னொரு தடவை பாருங்கள், தப்பில்லை. நாவலையும் ஒரு தடவை படியுங்கள். அப்புறம் மாதக் கடைசியில் உங்கள் ரிப்போர்ட் அச்சு அசலாக டேலி ஆனால், சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு தடவை 300 தேடச் சொல்லிப் பாருங்கள்.