கூட்டுச் சிகிச்சையும் கூச்சமும்

சென்ற மாதம் ஒரு வாசகர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். பெயர் இல்லை, ஊர் இல்லை. பதில் போட முகவரி இல்லாததால் இங்கேயே எழுதுகிறேன். இதையெல்லாம் ஒரு கதாசிரியன் எழுதலாமா என்று முகம் சுளிக்கிறவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

அவருக்கு வயது 52. 'ஆண்மைக் குறைவு' என்று எழுதி, கை கூசியதுபோல் அதைப் பாதி அடித்தும் இருந்தார். ஒரு சிகிச்சை நிலையத்தில் மூன்று வைத்தியங்களைச் சேர்த்து ஒரே திட்டமாகச் சொல்லியிருக்கிறார்களாம். அதிர்வலை கொடுப்பது ஒன்று. அவருடைய ரத்தத்தையே எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, பிளேட்லெட் செறிந்த பகுதியைப் பிரித்து உறுப்பிலேயே ஊசி போடுவது இரண்டு. ஸ்டெம் செல் செலுத்துவது மூன்று. நலிந்த ரத்தக் குழாயும் திசுவும் புதிதாக வளர்ந்து வாலிபம் திரும்பிவிடும் என்பது அவர்கள் தந்த வாக்கு. மனைவியின் நகையை விற்றுப் பணம் கட்டலாமா என்று என்னைக் கேட்கிறார். டாக்டரைக் கேட்க வெட்கமாம்!

வேண்டாம் ஐயா, நகையை விற்காதீர்கள்.

இம்மூன்றும் முழுப் புரட்டு என்று நான் சொல்லவில்லை. அதிர்வலை, சிறுநீரகக் கல்லை உடைக்க 1980 முதல் பயன்பட்டு வரும் சங்கதி. அதையே மிருதுவாகக் கொடுத்தால் ரத்த ஓட்டம் பெருகுமா என்று இஸ்ரேல் நாட்டு டாக்டர்கள் பார்த்து 2010-ல் எழுதினார்கள். லேசான குறையுள்ள சிலருக்குப் பலன் தெரிகிறது. பிளேட்லெட் ஊசி விஷயமாக, கிரேக்க நாட்டில் 60 பேரை வைத்து நடத்தி 2021-ல் வெளியிட்ட சோதனை நல்ல பலன் என்றது. அமெரிக்காவில் மயாமி நகரில் 61 பேரைச் சேர்த்து நடத்தி 2023-ல் வெளியிட்ட சோதனையிலோ, ஊசி போட்டுக்கொண்டவர்களில் பாதிக்கு மேல் குணம் கண்டார்கள். போலி ஊசி போட்டுக்கொண்டவர்களிலும் பாதிக்கு மேல் குணம் கண்டார்கள்! மனசு செய்த வைத்தியம் எது, மருந்து செய்த வைத்தியம் எது? ஸ்டெம் செல் இந்தக் குறைக்கு இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. சோதனைக்கு உடம்பைக் கொடுக்கிறவனிடமே பணமும் பறிப்பது எந்த ஊர் தர்மம்?

ஒவ்வொன்றும் சந்தேகமாயிருக்க, மூன்றையும் சேர்த்தால் நிச்சயமாகிவிடுமா? திவாலான மூன்று பேர் ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்றால் கடன் வசூலாகிவிடுமா? சேர்த்துப் பார்ப்பதே குற்றமென்று சொல்ல வரவில்லை. ஆராய்ச்சிக்காரர்கள் தனியாக ஒன்று, சேர்த்து இரண்டு, வெறும் போலி என்று பிரித்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கடையில் சேர்த்து விற்கும்போது குணமானால் எதனால் ஆயிற்று என்று தெரியாது. ஆகாவிட்டால் எது தோற்றது என்றும் தெரியாது. 'இன்னொரு சுற்று போடுவோம்' என்பார்கள்.

இந்த வியாபாரம் புதிதல்ல. 1889-ல் பாரிஸில் பிரௌன்-செக்கார் என்ற மகா மேதை, 72 வயதில், நாயின் விதைச் சாற்றைத் தமக்கே ஊசி போட்டுக்கொண்டு இளமை திரும்பியதாக விஞ்ஞான சபையில் சொன்னார். பாவம், அவர் மனதார நம்பினார். 1920-ல் வோரனாஃப் குரங்கு விதையைச் சீவி மனிதனுக்கு ஒட்டினார். அமெரிக்காவில் கான்ஸாஸ் மாகாணத்து பிரிங்க்லியோ 750 டாலர் வாங்கிக்கொண்டு ஆட்டு விதையை வைத்துத் தைத்தார். சொந்த ரேடியோ நிலையம் வைத்துப் பிரசாரமும் செய்தார். 1930-ல் அவருடைய வைத்திய லைசென்ஸ் பறிபோயிற்று. அதே வருஷம் கவர்னர் தேர்தலில் நின்றார். லட்சத்துக்கு மேல் ஓட்டும் விழுந்தது!

எப்படி நடந்தது இத்தனையும்? இந்த விஷயத்தில் ஏமாந்தவன் தெருவில் நின்று கூச்சல் போடமாட்டான். எந்த வியாபாரிக்கும் கிடைக்காத முதல் அது, வாடிக்கைக்காரனின் கூச்சம். அதற்கு வட்டி கட்ட வேண்டியதில்லை.

அந்தக் கூச்சத்தை வளர்ப்பது நம் பாஷைதான். கண் மங்கினால் கண் மங்கிற்று என்கிறோம். இதற்கு மட்டும் 'ஆண்மைக் குறைவு' என்று ஒரு மனிதனையே குறைத்துப் பேசுகிறோம். நடப்பதென்னவோ பெரும்பாலும் ரத்தக் குழாயின் கோளாறு. அந்த உறுப்புக்குப் போகும் குழாய், இருதயத்துக்குப் போகும் குழாயைவிடச் சிறியது. ஆகவே அடைப்பு அங்கே முதலில் தெரிகிறது. மாரடைப்புக்கு இரண்டு மூன்று வருஷம் முன்பே இந்தக் குறை வந்து எச்சரிப்பதுண்டு. நீரிழிவும் ரத்த அழுத்தமும் புகையிலையும் இதற்குப் பெரிய காரணங்கள். உங்களுக்கு மூன்று வைத்தியம் சொன்னவர்கள் சர்க்கரை பார்த்தார்களா? அழுத்தம் பார்த்தார்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

முதலில் ஒரு சாதாரண டாக்டரிடம் போங்கள். 1998 முதல் விற்பனையில் உள்ள, பலன் நிரூபணமான மாத்திரை இருக்கிறது, விலையும் அதிகமில்லை. ஆனால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து சாப்பிடுகிறவருக்கு அது ஆபத்து. ஆகையால் கடையில் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். இரண்டு வருஷமாக இந்தத் துக்கம் என்கிறீர்கள். அதில் உங்கள் மனைவி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை; அந்த அம்மாளின் நகை மட்டும்தான் வருகிறது. அவரைக் கேட்டீர்களா?