முதலில் வர வேண்டியவர் யார்?

வீட்டில் தீப்பற்றினால் தீயணைக்கும் படையினர் வருகின்றனர். மார்பு வலியால் ஒருவர் துடித்தால் ஆம்புலன்சு வண்டி வருகிறது. அதே வீட்டில் ஓர் இளைஞர் மூன்று இரவுகளாக உறங்காது, பிறர் செவிக்கு எட்டாத குரல்களுக்கு மறுமொழி கூறிக்கொண்டு, அறைக் கதவைத் தாழிட்டு அமர்ந்துவிட்டால் எவரை அழைப்பது? பெற்றோர் திகைக்கின்றனர், அண்டை வீட்டார் அஞ்சுகின்றனர், முடிவில் எவரேனும் ஒருவர் போலீசாரை அழைக்கிறார். நோயுற்றவரின் வாசலில், குற்றங்களைத் தடுப்பதற்கெனப் பயிற்சி பெற்றவர் வந்து நிற்கிறார். இது போலீசாரின் பிழையன்று. இத்தகைய வேளையில் வேறு எவரையும் அனுப்புவதற்குப் பெரும்பாலான ஊர்களில் ஏற்பாடு இல்லை. இம்முறை மாறுதல் வேண்டும். அம்மாற்றத்தைத் தொடங்குவதற்கு மைசூரு நகரம் மிகவும் ஏற்ற இடமாகும்.

மனநோயாளரைப் போலீசாருடன் பிணைக்கும் வழக்கம் சட்டத்தின் வழியாக வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் இயற்றப்பெற்ற 1912ஆம் ஆண்டுச் சட்டம், சித்தம் பேதலித்துத் திரிவோரைக் கைது செய்து மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தும் அதிகாரத்தைக் காவல் நிலைய அதிகாரிக்கு வழங்கியது. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் ‘கைது’ என்னும் சொல்லை விடுத்துப் ‘பாதுகாப்பில் எடுத்தல்’ என்று கூறியது. ஆயினும் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தும் முறை நீடித்தது.

2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்நிலையைப் பெரிதும் மாற்றியது. அதன் 100ஆம் பிரிவின்படி, பாதுகாப்பில் எடுக்கப்பெற்றவரை 24 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள பொதுச் சுகாதார நிலையத்தில் சேர்ப்பித்தல் வேண்டும். எக்காரணம் கொண்டும் அவரை லாக்கப்பிலோ சிறையிலோ அடைத்தல் கூடாது. 94ஆம் பிரிவோ, பதிவு பெற்ற எந்த மருத்துவரும் அவசரச் சிகிச்சையை மருத்துவ நிலையத்தில் மட்டுமன்றி நோயாளர் வாழும் இடத்திலும் அளிக்கலாம் என்கிறது. அதற்கு 72 மணி நேர வரம்பு உண்டு. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவர் என்றே கருத வேண்டும் என்பது 115ஆம் பிரிவு. நூறாண்டுகளில் சட்டம் மாஜிஸ்திரேட்டின் வாசலிலிருந்து மருத்துவமனையின் வாசலுக்கு வந்துவிட்டது. ஆயின், நோயாளரை அங்கே அழைத்துச் செல்லும் கை மட்டும் மாறவில்லை.

அந்தக் கை ஏன் மாற வேண்டும் என்பதற்கு மருத்துவ அறிவியல் இரு காரணங்களைக் காட்டுகிறது. முதலாவது, அச்சத்தின் தன்மை. தம்மை எவரோ கொல்ல வருகின்றனர் என்று நம்பும் ஒருவரின் முன் சீருடையும் தடியும் உரத்த கட்டளையும் தோன்றினால், அவருடைய மூளை அவற்றைத் தன் ஐயத்திற்குச் சான்றாகவே கொள்ளும். அவர் ஓடவோ தாக்கவோ முற்படுவார். தணிந்த குரல், போதிய இடைவெளி, அவசரமின்மை, ஒருவர் மட்டுமே பேசுதல் ஆகியவை அச்சத்தைக் குறைக்கும் முறைகள். மனநலச் செவிலியரின் அன்றாடத் தொழிலே இதுவாகும்.

இரண்டாவது, மனநோய் போலத் தோன்றுவன யாவும் மனநோய் அல்ல. நீரிழிவு நோயாளரின் இரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும், வலிப்பு வந்து தணிந்தாலும், தலையில் அடிபட்டாலும், மூளையைக் காய்ச்சல் தாக்கினாலும் ஒருவர் பிதற்றக்கூடும்; முரண்டு பிடிக்கவும் கூடும். நெடுநாள் மது அருந்தியவர் அதனைத் திடீரென நிறுத்தினால், இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் நடுக்கமும் பொய்த்தோற்றங்களும் கூடிய உயிருக்கு ஆபத்தான நிலை தோன்றலாம். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிப்பதும் நாடி பார்ப்பதும் இங்கே உயிர் காக்கும் செயல்கள். காவலர் எத்துணை இரக்கமுடையவராயினும் இவற்றைச் செய்யும் பயிற்சி அவருக்கு இல்லை.

இத்தகைய பணிக்கு வேண்டிய உறுப்புகளுள் பெரும்பாலானவை மைசூருவில் முன்னரே உள்ளன. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் 1924ஆம் ஆண்டிலேயே எம். வி. கோபாலசுவாமி உளவியல் துறையைத் தொடங்கினார். அதே ஆண்டில் தோன்றிய மைசூர் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனையிலும், ஜே. எஸ். எஸ். மருத்துவமனையிலும் மனநோய்த் துறைகள் இயங்குகின்றன. பழைய மைசூர் அரசின் மனநோய் மருத்துவமனையை ஒட்டி 1954இல் உருவான அகில இந்திய மனநல நிலையமே, 1974 முதல் நிம்ஹான்ஸ் என வழங்குகிறது. பெங்களூரில் உள்ள அந்நிலையம் மைசூருவிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. 108 என்னும் ஆம்புலன்சு சேவையும் 112 என்னும் அவசர எண்ணும் உள்ளன. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பெற்ற டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். ஆனால் தொலைபேசி குரலை அனுப்பும், ஆளை அனுப்பாது. கதவைத் தாழிட்டுக்கொண்டவர் தாமே தொலைபேசியை எடுத்துப் பேசும் நிலையில் இருப்பதில்லை. குரலுக்கும் மருத்துவமனைக்கும் இடையிலுள்ள சில கிலோமீட்டர் தூரமே இன்றைய குறை.

பிற நாடுகளில் இத்தூரம் கடக்கப்பட்டுள்ளது. சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் 2015இல், இரு மனநலச் செவிலியரும் ஓர் ஆம்புலன்சுப் பணியாளரும் செல்லும் மனநல அவசர வண்டி தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் டென்வர் நகரில் 2020 ஜூன் மாதம் தொடங்கிய திட்டத்தில், மனநல ஆலோசகர் ஒருவரும் மருத்துவ உதவியாளர் ஒருவரும் முதல் ஆறு மாதங்களில் 748 அழைப்புகளுக்குச் சென்றனர். அவற்றுள் ஒன்றேனும் கைதில் முடியவில்லை. அத்திட்டம் நடைபெற்ற பகுதிகளில், அதனோடு தொடர்புடைய சிறு குற்றங்களின் பதிவு 34 விழுக்காடு குறைந்ததென 2022இல் வெளியான ஆய்வு ஒன்று தெரிவித்தது.

எச்சரிக்கைக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் யூஜீன் நகரில் 1989இல் தொடங்கி, இத்துறைக்கே முன்மாதிரியாக விளங்கிய சேவை, அதனை நடத்திய மருத்துவகத்தின் பண நெருக்கடியால் 2025 ஏப்ரலில் அந்நகரில் நின்றுபோயிற்று. நற்பணி ஒன்று முப்பத்தைந்து ஆண்டுகள் நடந்தும், நிலையான நிதி இன்மையால் மறையக்கூடும் என்பதே இதன் பாடம். ஆதலின் இத்தகைய சேவை அரசின் சுகாதார வரவு செலவுத் திட்டத்தில் நிலையான இடம் பெறுதல் வேண்டும்.

எதிர்வாதங்கள் இல்லாமலில்லை. ஆயுதம் ஏந்தியவரின் முன் செவிலியரை அனுப்பலாமா என்று கேட்கலாம். அனுப்பலாகாது. அவ்வேளையில் போலீசார் முன் செல்ல, செவிலியர் உடன் செல்லுதல் வேண்டும். ஆனால் அழைப்புகள் அனைத்தையும் அரிதான அந்நிலையை வைத்து அளத்தல் முறையன்று. நாட்டில் மனநோய் மருத்துவர்கள் இலட்சம் பேருக்கு 0.75 என்ற அளவிலேயே உள்ளனரே என்பது மற்றொரு வாதம். அது மெய், எனினும் வண்டியில் மருத்துவர் செல்ல வேண்டுவதில்லை. பயிற்சி பெற்ற செவிலியரும் சமூகப் பணியாளரும் சென்று, மருத்துவமனையிலுள்ள மருத்துவரைத் தொலைபேசியில் கலந்தால் போதும். பாதுகாப்பில் எடுக்கும் அதிகாரத்தைச் சட்டம் போலீசாருக்கே அளித்துள்ளது என்பது மூன்றாவது வாதம். நோயாளர் தாமே இசைந்து வரும்போது அவ்வதிகாரத்திற்குத் தேவையே எழுவதில்லை. இசையாதபோது போலீசாரை அழைத்துக்கொள்ளலாம்.

மைசூருவில் ஒரே ஒரு வண்டியுடன் தொடங்கலாம். கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனையை நிலையமாகக் கொண்டு, மனநலச் செவிலியர் ஒருவர், சமூகப் பணியாளர் ஒருவர், ஓட்டுநர் ஒருவர் என மூவர் அதில் செல்லலாம். மண்டி மொகல்லா, லஷ்கர் மொகல்லா போன்ற பகுதிகளில் பணியாற்றுவோர்க்குக் கன்னடத்துடன் உருதுவும் தமிழும் தெரிந்திருத்தல் நலம். 112க்கு வரும் அழைப்பில் ஆயுதமோ காயமோ இல்லையெனில், அழைப்பை இவ்வண்டிக்கே மாற்றுதல் வேண்டும். ஒரு வாரத்திற்குள் மறுமுறை அதே வீட்டிற்குச் சென்று மருந்து தொடர்கிறதா என்று காணுதலும் பணியின் பகுதியாக வேண்டும். எத்தனை அழைப்புகள் வந்தன, எத்தனை முறை போலீசார் தேவைப்பட்டனர், எத்தனை பேர் இசைந்து சிகிச்சைக்கு வந்தனர் என்னும் கணக்கை முதல் நாள் முதற்கொண்டே எழுதி வைத்து, ஆண்டிறுதியில் வெளியிடுதல் வேண்டும். அக்கணக்கே இதன் நன்மை தீமைகளைத் தீர்மானிக்கட்டும்.

கருநாடகத்திற்கு இத்தகைய முயற்சி புதிதன்று. 1985 முதல் 1990 வரை நிம்ஹான்ஸ் பெல்லாரி மாவட்டத்தில் நடத்திய சோதனையே, 1996இல் நான்கு மாவட்டங்களில் தொடங்கிய தேசிய மாவட்ட மனநலத் திட்டத்திற்கு வழிகாட்டியது. ஒரு மாவட்டத்தில் செய்து காட்டியது பின்னர் நாடு முழுதும் பரவிற்று.

2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய ஆய்வின்படி, மனநோயுற்றோருள் சிகிச்சை பெறாதோர், நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காடு வரை உள்ளனர். இதற்குக் காரணங்கள் பல. வாசலில் போலீசு வண்டி நின்றால் தெரு முழுதும் அறிந்துவிடுமே என்ற நாணமும் அவற்றுள் ஒன்று. அந்நாணத்தால் குடும்பத்தார் அழைப்பைத் தள்ளிப்போடுகின்றனர். நோய் முற்றிய பின்னரே அழைக்கின்றனர். அப்போது வன்முறையின்றி எவரையும் அழைத்துச் செல்ல இயலாமற் போகிறது. முதலில் வருபவர் செவிலியர் என்று தெரிந்தால் தாய்மார் முதல் இரவிலேயே அழைப்பர். மூன்றாம் இரவில் தேவைப்படும் பலம் முதல் இரவில் தேவைப்படாது.