பேனாக்கத்தி என்ன பாவம் செய்தது?

சட்டைப்பையில் பேனாக்கத்தி வைத்திருக்கும் கிழவனை ரவுடியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். சினிமா வில்லனின் பட்டன் கத்தியைப் பார்த்துப் பழகிய கண், பென்சில் சீவும் சாமானையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டது.

பெயரையாவது கவனிக்க வேண்டாமா? நான் பிரெஞ்சில் படித்தவன். அங்கே இதற்குக் 'கனிஃப்' என்று பெயர். இறகுப் பேனாவின் முனை சீவ வைத்திருந்தது. இங்கிலீஷ்காரனும் பேனாவை வைத்துத்தான் பெயரிட்டான், நாமும் அப்படியே. ரவுடிக்காகச் செய்ததல்ல, குமாஸ்தாவுக்காகச் செய்தது.

சட்டமும் நம் பக்கம்தான். 1959 ஆயுதச் சட்டத்தின் விதிகள் கணக்கில் எடுப்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு அதிலும் விலக்கு. டில்லியில் பட்டன் கத்திக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு, சரி. விமானத்தில் கையோடு கொண்டுபோகக் கூடாது, அதுவும் சரி. அதற்காக அவிநாசி பஸ்ஸில் போகிறவன் ஏன் ஒளிக்க வேண்டும்? பனியன் கம்பெனியில் பண்டல் பிரிக்கும் பையன் பாதி பிளேடை விரலிடுக்கில் வைத்து அறுக்கிறான். அதை யாரும் ஆயுதம் என்று சொல்வதில்லை. விரல் வெட்டுப்படுவது அவனுக்குத்தானே!

கத்தியைப் பீரோவில் பூட்டியதால் இன்னொரு நஷ்டம். கையில் எடுத்துப் பார்த்துப் பழகாததால், பழைய சாமான் விற்கிறவன் சொல்லும் வயதையெல்லாம் நம்புகிறோம். "வெள்ளைக்காரன் காலம், நூற்றைம்பது வருஷம்" என்கிறான். அலகின் அடியில் 'ஸ்டெயின்லெஸ்' என்று பொறித்திருக்கிறது! துருப்பிடிக்காத இரும்பை ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருக்கியதே 1913-இல். 'இனாக்ஸ்' என்பதைக் கம்பெனிப் பெயர் என்று நினைப்பவர் உண்டு (சினிமா தியேட்டர் செய்த வேலை). பிரெஞ்சில் அதற்கும் துருப்பிடிக்காதது என்றே அர்த்தம். 'மேட் இன் இங்கிலாண்ட்' என்றிருந்தால் 1947-க்கு முந்தியது என்று சொல்வது அதைவிட வேடிக்கை. நமக்குச் சுதந்திரம் கொடுத்த மறுநாளே அவன் பட்டறையை மூடிவிட்டானா? 'வெஸ்ட் ஜெர்மனி' என்றிருந்தால் 1949-க்கு முன்பு இருக்கவே முடியாது. 'விக்டோரினாக்ஸ்' என்ற பெயர் வந்ததே 1921-இல்தான்.

ஒப்பினெல் கத்தியில் அலகைப் பூட்டும் வளையம் 1955-இல் வந்தது. வளையம் இல்லை, ஆகவே அதற்கு முந்தியது என்று அடித்துச் சொல்லவும் கூடாது. அதன் சின்ன நம்பர்களுக்கு இன்றைக்கும் வளையம் கிடையாது.

அப்பா வைத்திருந்த கத்தி வீட்டில் கிடந்தால், தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். துணியில் இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் துடைத்தால் போதும். பளபளக்கத் தேய்த்து எழுத்தையே அழித்துவிட்டு, "இது எந்த வருஷம் சார்?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் எதைப் படித்துச் சொல்வது?