தொட்டியின் அளவு மீனின் அளவல்ல

“தொட்டி எம்புட்டோ அம்புட்டுதான் மீனும் வளரும் அண்ணாச்சி, கவலப்படாதீங்க.” வாசுதேவநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில் என்று எந்த ஊரில் கலர் மீன் வாங்கப் போனாலும் இந்தப் பேச்சைக் கேட்காமல் திரும்ப முடியாது. கடைக்காரர் சொல்கிறார், வாங்குகிறவர் தலையாட்டுகிறார், கூட வந்த பிள்ளை அதை மனதில் வாங்கிக்கொண்டு பள்ளியில் போய்ச் சொல்கிறது. இப்படிக் கைமாறிக் கைமாறியே இந்த நம்பிக்கை ஒரு அறிவியல் உண்மைபோல ஊருக்குள் உட்கார்ந்துவிட்டது. இது பொய். தங்கமீன், சுறாக்கெளுத்தி, அரோவானா என்று பல மீன்களின் உயிரை எடுக்கிற பொய். அதன் கொடுமையை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் நன்னீர்ப் பேத்தை மீனை எடுத்துக்கொள்ள வேண்டும்.

பேத்தை என்றால் கடற்கரைக்காரர்களுக்குத் தெரியும். வலையில் ஏறினால் வயிற்றை உப்பிக்கொண்டு கிடக்கும், நஞ்சு என்று தூக்கி எறிவார்கள். அந்தக் குடும்பத்தில் ஆற்றிலேயே பிறந்து ஆற்றிலேயே சாகிற இனங்களும் உண்டு. நைல் நதியிலும் மேற்கு ஆப்பிரிக்க ஆறுகளிலும் வாழ்கிற ஃபஹாகா பேத்தை 43 சென்டிமீட்டர் வரை வளரும். பழைய எகிப்தியக் கல்லறைச் சுவர்களில்கூட அதன் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. காங்கோ ஆற்றிலும் தங்கனிக்கா ஏரியிலும் உள்ள ம்பூ பேத்தை 67 சென்டிமீட்டர் வரை போகும். இரண்டும் விரல் நீளக் குஞ்சுகளாகத்தான் கடைக்கு வருகின்றன. உருண்டை முகம், தனித்தனியே சுழலும் கண்கள், ஆளைப் பார்த்ததும் கண்ணாடியோரம் வந்து நிற்கிற பழக்கம். பார்த்தவர்களுக்கு விட்டுவிட்டு வர மனம் வராது. எனக்கும் அது அழகான மீன்தான். அழகில் எனக்கு வழக்கில்லை.

கணக்கில்தான் வழக்கு. நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது இரண்டடித் தொட்டி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்புவரை ஊற்றினாலும் தண்ணீர் ஐம்பது சொச்சம் லிட்டர். முழுதாக வளர்ந்த ம்பூ பேத்தை அந்தத் தொட்டியை விட நீளம். ஃபஹாகா உள்ளே அடங்கும், ஆனால் ஓரடி அகலத்தில் அதனால் உடம்பைத் தாராளமாகத் திருப்ப முடியாது. இன்னொன்றையும் யாரும் யோசிப்பதில்லை. மீன் நீளத்தில் மட்டும் வளர்வதில்லை. ஐந்து சென்டிமீட்டர் குஞ்சு நாற்பது சென்டிமீட்டர் ஆனால் நீளம் எட்டு மடங்கு. அகலமும் தடிமனும் அதே அளவில் கூடுவதால் எடை ஏறக்குறைய ஐந்நூறு மடங்கு. குஞ்சு தின்றதும் கழித்ததும், வளர்ந்த மீன் தின்பதற்கும் கழிப்பதற்கும் பக்கத்தில்கூட நிற்காது. தொட்டியும் தண்ணீரும் மட்டும் அப்படியே இருக்கும்.

இந்த இடத்தில் நம்பிக்கைக்காரர்கள் ஒரு சாட்சியைக் கொண்டுவருவார்கள். “எங்க வீட்டுத் தொட்டியில மீன் நெசமாவே சின்னதாத்தான இருக்கு?” உண்மைதான், இருக்கும். நெருக்கடியில் வளர்ச்சி குன்றும் என்பதை யாரும் மறுக்கவில்லை. நான் கேட்பது, அது ஏன் குன்றுகிறது என்பதைத்தான். கழிவு சேர்ந்த தண்ணீர், ஓயாத பதற்றம், சரியான தீனியின்மை ஆகியவற்றால் குன்றுகிறது. சத்தில்லாமல் வளராத பிள்ளையைப் பார்த்து ‘வீடு சின்னது, அதனால் பிள்ளையும் அளவாக வளர்ந்திருக்கிறது’ என்று யாராவது சொல்வார்களா?

மீன் பண்ணைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆந்திராவில் கட்லா, ரோகு குஞ்சுகளை வேண்டுமென்றே நெருக்கமாக அடைத்து, தீனியைக் குறைத்து, மாதக்கணக்கில், சில நேரம் ஒரு வருடம்வரை குட்டையாகவே வைத்திருப்பார்கள். பிறகு அவற்றைப் பெரிய குளத்தில் விட்டு நன்றாகத் தீனி போட்டால், விட்ட வளர்ச்சியைப் பிடிக்கிற வேகத்தில் கிடுகிடுவென்று ஏறும். ஆகவே அந்த மீன் ஒருநாளும் குட்டையாக இருக்கத் தன்னைத் தகவமைத்துக்கொள்ளவில்லை. அதன் உடம்பு வளரக் காத்துக்கொண்டே இருந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பர்ன்ஸ்வில் நகரத்து ஏரி ஒன்றில் 2021-இல் அமெரிக்கக் கால்பந்து அளவுக்குத் தங்கமீன்கள் பிடிபட்டன. யாரோ வீட்டுத் தொட்டியிலிருந்து கொண்டுபோய் விட்டவை, அல்லது அவற்றின் வழி வந்தவை. ‘பார், இடத்துக்கு ஏற்ப வளருகிறது’ என்று அதையே ஆதாரமாகக் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது. அவ்வளவு வளரக்கூடிய உயிரைத்தான் கண்ணாடிக் குடுவையில் விரல் நீளத்தில் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பதற்கு அது சாட்சி.

இந்தப் பொய்யை எதிர்க்கிற சிலர் பதிலுக்கு இன்னொன்றைச் சொல்கிறார்கள்: உடம்பு நின்றுவிடும், உள்ளுறுப்புகள் மட்டும் வளர்ந்து நெருக்கிக் கொன்றுவிடும் என்று. அதற்கு உறுதியான ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. மீனுக்காகப் பேசுகிறவர்களுக்கு அந்தக் கதை வேண்டியதில்லை. தண்ணீரே போதும்.

மீன் தன் கழிவில் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. ஆற்றில் அது அடித்துக்கொண்டு போய்விடும். தொட்டியில் அதே தண்ணீரைத்தான் மீன் மறுபடி மூச்சாக இழுக்க வேண்டும். ஃபில்டரில் குடியேறுகிற நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். ஆனால் அவை பெருகி நிலைபெற ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். நம் ஊரில் தொட்டியும் மீனும் ஒரே நாளில் ஒரே ஆட்டோவில் வீட்டுக்கு வருகின்றன. போதாததற்கு நம் பக்கம் வெயில் அதிகம், போர் தண்ணீர் பல இடங்களில் காரத்தன்மை கூடிய கடினத் தண்ணீர். சூடும் காரத்தன்மையும் ஏற ஏற அம்மோனியாவின் நஞ்சு ஏறும். பி.எச். அளவு ஒன்று கூடினால் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகும். பேத்தைக்கு மற்ற மீன்களுக்கு இருப்பதுபோலச் செதில் போர்வையும் இல்லை. கெட்ட தண்ணீரும் மருந்தும் அதை முதலில் தாக்கும். கரண்டு போய் மோட்டார் நின்ற ஒரு மத்தியானம் போதும், அத்தனையும் தலைகீழாக.

அதற்கு முன்னாலேயே மீன் தன் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. கண்ணாடியோரமாக மேலேயும் கீழேயும், மேலேயும் கீழேயும், மணிக்கணக்கில் நீந்தும். ‘விளையாடுது’, ‘என்னையப் பாத்தா அதுக்குச் சந்தோசம்’ என்பார்கள். போக வழி தேடுகிற மீன் அது. வலையால் அள்ளித் தூக்கி, அது உப்புவதைப் போனில் படம் எடுத்துப் போடுகிறார்கள். பேத்தை உப்புவது உயிருக்குப் பயந்து. தண்ணீருக்குள் உப்பினால் தண்ணீரை விழுங்கும், பிறகு கக்கிவிடும். தண்ணீருக்கு வெளியே தூக்கினால் காற்றை விழுங்கும். அந்தக் காற்றை வெளியேற்ற முடியாமல் தலைகீழாக மிதந்து சாகவும் கூடும். ஒரு நிமிடப் படத்துக்காக அதன் கடைசிப் பாதுகாப்பைச் செலவழிக்க வைக்கிறோம்.

பல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேத்தையின் வாயில் நான்கு பல் தகடுகள் கிளி மூக்குப்போலச் சேர்ந்திருக்கும். அவை வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். ஆற்றில் நத்தையும் நண்டும் சிப்பியுமாக ஓட்டோடு நொறுக்கித் தின்பதால் தேயும். பாக்கெட் தீனியும் மண்புழுவும் மட்டும் கிடைத்தால் தேயாது. வளர்ந்து வளர்ந்து கடைசியில் வாய் திறக்க முடியாமல், தீனி எதிரே கிடக்கப் பட்டினியாகச் சாகும். அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் கிராம்பு எண்ணெயில் மயக்கமூட்டிப் பல்லை வெட்டிவிடுகிறார்கள். நம் தெருவில் யார் செய்வார்கள்? வயல் நத்தை பிடித்துப் போடலாமே என்றால், பூச்சிமருந்து அடிக்காத வயல் எது என்று முதலில் தேட வேண்டும்.

இப்படிச் செத்த மீனுக்கு வீட்டில் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது: ‘நமக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிக்கிட்டுப் போயிருச்சு.’ தொட்டி அளவு நம்பிக்கையின் கூடப்பிறந்தது இது. அது வாங்கும்போது மனசாட்சியைத் தூங்க வைக்கிறது. இது செத்தபிறகு தூங்க வைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மீன் ஏன் செத்தது என்று யாருமே கேட்காமல் அடுத்த மீன் வந்துவிடுகிறது. அம்மோனியாவால் செத்த மீன் யாருடைய கண்டத்தையும் வாங்கவில்லை. வாஸ்துவுக்காக வளர்க்கிறவர்கள் கோபப்படலாம். கோபப்படட்டும். ஒரு உயிரைச் சாகவிட்டுவிட்டு அதை நமக்கான காணிக்கையாக மாற்றிக்கொள்வதை எந்தச் சாமியும் கேட்டிருக்காது.

சாகாமல் தப்பி வளர்ந்துவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. ஊர்க் குளம். ‘பாவம், பெரிய தண்ணியில பொழச்சுப் போகட்டும்’ என்று புண்ணியமாக எண்ணியே விடுகிறார்கள். நம் பக்கத்துக் குளங்கள் தனித்தனிக் குளங்கள் அல்ல. ஒன்று மறுகால் பாய்ந்தால் தண்ணீர் அடுத்ததற்குப் போகும், விட்ட மீனும் போகும். தொட்டி சுத்தம் செய்யும் என்று வாங்கிய சக்கர் மீன் இன்று சென்னையின் ஏரிகளில் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு அமேசானின் அரபைமா அங்குள்ள ஆறுகளில் பிடிபட்டது. 2023 மே மாதம் ஸ்ரீநகரின் தால் ஏரியில் வட அமெரிக்க முதலைமூக்கு மீன் கிடைத்தது. அவற்றில் எதுவும் தானாக நீந்தி இந்தியாவுக்கு வரவில்லை. இப்படி வருகிற மீன்களால் ஆபத்து நம் கெண்டைக்கும் கெளுத்திக்கும் அயிரைக்கும்தான்.

சட்டம் என்ன செய்கிறது? 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் பிராணி என்றால் மனிதரைத் தவிர எல்லா உயிரும். மீனும் அதில் அடக்கம். நியாயமான அளவுக்கு நடமாட முடியாத கூண்டிலோ கலத்திலோ ஒரு பிராணியை அடைத்து வைப்பது குற்றம் என்று 11-ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டடித் தொட்டியில் ஃபஹாகா வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் எழுத முடியாது. முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. 2017 மே மாதம் மீன் தொட்டிகளுக்கும் கடைகளுக்குமென்றே மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. வணிகர்களின் எதிர்ப்பில் அவை நிலைக்கவில்லை. அடுத்த வருடம் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகள் நாய், பூனை, முயல், பறவையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. மீனைக் குறிப்பிடவில்லை.

தொட்டியே வைக்காதே என்று நான் சொல்லவில்லை. ஒரு பிள்ளை மீனை உற்றுப் பார்த்து வளர்வது நல்லது. சின்னதாகவே வளர்கிற மீனைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்வது. சரி, சின்னப் பேத்தையாக வாங்கலாமா என்றால் அதிலும் எச்சரிக்கை வேண்டும். நம் ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் தெரிகிற மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், பம்பை ஆற்றிலிருந்து 1941-இல் ஹோராவும் நாயரும் விவரித்த மலபார் பேத்தை இருக்கிறது. முழு வளர்ச்சியே ஒன்றரை அங்குலத்துக்குள். உலகம் முழுக்க வீட்டுத் தொட்டிகளுக்குப் போகிறது. அதில் பெரும்பகுதி ஆற்றில் பிடித்தது. அதுவும் ஒரு காரணமாக இன்று அழியும் அபாயத்துக்குள்ளான இனங்களின் பட்டியலில் நிற்கிறது. கேட்டு வாங்குவதானால் தொட்டியிலேயே குஞ்சு பொரித்ததா என்று கேளுங்கள். தெரியாது என்றால் கப்பி, மோலி போதும். அவை தொட்டியிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகுகிறவை.

கடைக்காரர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கைதான். ஒவ்வொரு தொட்டிமீதும் விலையை எழுதி ஒட்டுகிறீர்கள். அதே சீட்டில் இன்னும் சில வரி எழுதுங்கள். ‘ஃபஹாகா பேத்தை. வளர்ந்தால் 43 செ.மீ. பத்து வருடத்துக்கு மேல் வாழும். வேறு மீனோடு சேர்க்க முடியாது. ஆறடித் தொட்டி இல்லாதவர்கள் வாங்க வேண்டாம்.’ இதைப் படித்த பிறகும் ஒருவர் வாங்கினால் அது அவர் பொறுப்பு. எழுதாமல் விற்கிற வரை அது உங்கள் பொறுப்பு.