பூட்டுண்ட பாடல்கள்

சென்ற மாசியில், தோட்டத்திலே காமன் கம்பம் ஊன்றிய வாரத்தில், என்னிடம் முன்னர்ப் படித்த ஓர் இளைஞர் கையில் ஒரு மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தார். கட்டாரிலே எட்டு ஆண்டு வேலை பார்த்துத் திரும்பியவர். புறப்படுமுன், எங்கள் கொஸ்லந்தைப் பகுதியில் காமன்கூத்துப் பாடுவதிலே பேர்பெற்றிருந்த முதியவர் ஒருவரைப் பாடச்செய்து, அவர் குரலையும் தப்பொலியையும் உடன்பாடுவோர் குரலையும் தனித்தனியே பதிந்து, இசைத்தொகுப்பு மென்பொருள் ஒன்றினால் அவற்றைச் சீராக இணைத்து வைத்திருந்தார். முதியவர் இப்போது இல்லை. அவர் பாடிய முறையில் அப்பாடல்களை முழுதாக அறிந்தவரும் தோட்டத்தில் இல்லை. இளைஞர் சொன்ன வாக்கியம் ஒன்று என்னைவிட்டு அகலவில்லை: "சேர், குரல் இருக்கு, பாட்டுத்தான் இல்லை."

இதன் பொருள் எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் திறந்து காட்டிய பின்னரே விளங்கிற்று. பதிந்த ஒலித்துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. எந்தக் கணினியிலும் அவற்றைக் கேட்கலாம். ஆனால் எந்தத் துண்டு எந்தப் பாடலின் எவ்விடத்துக்கு உரியது, ஒரே அடியை மூன்று முறை பாடியதில் எது கொள்ளப்பட்டது, தப்பு எங்கே ஏறி எங்கே தாழ வேண்டும் என்பனவெல்லாம் மென்பொருள் எழுதிய கோப்பிலேதான் உள்ளன. அக்கோப்பை அந்த மென்பொருளே திறக்கும். மென்பொருளோ உரிமம் கேட்கிறது. கயிறு அறுந்து, எண்ணிடாத ஓலைகளாய்ச் சிதறிய சுவடிக்கட்டினை நினைத்துக்கொண்டேன்.

உரிமம் விலைகொடுத்து 2013ஆம் ஆண்டிலே வாங்கியது. அதனை மீட்கக் கணக்கினுள் நுழைய வேண்டும்; கடவுச்சொல் மறந்துவிட்டது. புதிய கடவுச்சொல் பழைய மின்னஞ்சலுக்கு வரும். அதனைத் திறக்கும் இரகசிய எண் பழைய தொலைபேசி இலக்கத்துக்கு வரும். அவர் கட்டாரிலிருந்த காலத்தில் அவ்விலக்கம் வேறொருவருக்குப் போய்விட்டது. உரிம இலக்கத்தை எழுதி வைத்த தாளாவது உண்டா என்று வினவினேன். மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் மலை சரிந்தபோது லயத்தோடு தாளும் போயிற்று என்றார். அதற்குமேல் நான் வினவவில்லை. மென்பொருளை விற்ற நிறுவனம் இதற்கிடையில் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறிவிட்டது. அப்புதியவர்க்கு எழுதினால், பெற்ற விடையிலே, விண்ணப்பித்தவரின் பெயரும் பழைய கணக்கிலுள்ள பெயரும் எழுத்தளவில் ஒவ்வவில்லை என்றிருந்தது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. குறை அவர்களுக்கு மட்டும் உரியதன்று.

மலையகத்திலே பெயரெழுத்து ஒவ்வாமை என்பது யாருக்கும் புதிதன்று. பிறப்புச் சான்றிதழில் ஒருவிதம், அடையாள அட்டையில் ஒருவிதம், ஊழியர் சேமலாப நிதி ஏட்டில் மற்றொருவிதம் என்று ஒரே மனிதர் மூவராய் வாழ்கிறார். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் அதனையடுத்து 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும் கேட்ட சான்றுகளைக் காட்ட இயலாது உரிமை இழந்தோரின் பேரப்பிள்ளைகள் நாம். சான்று கேட்பது தவறென்று கூறேன். கேட்கப்படும் சான்று, கேட்கப்படுவோர் எளிதில் இழக்கத்தக்கதாய் இருப்பதே இடர்.

இனி, இளைஞருக்கு நேர்ந்தது அவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. கேக்வோக் என்னும் பழைய இசை மென்பொருளை வைத்திருந்த அமெரிக்கக் கித்தார் நிறுவனமான கிப்சன், 2017 நவம்பரில் அதன் ஆக்கத்தை நிறுத்துவதாகத் திடீரென அறிவித்தது. மறு ஆண்டு பெப்ரவரியில் சிங்கப்பூரைச் சேர்ந்த பாண்ட்லாப் அதனை வாங்கி, இலவசமாகவே தந்தது. இதனை நல்லூழ் என்றுதான் சொல்ல வேண்டும். ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்து ஸ்டைன்பேர்க் நிறுவனம் தன் கியூபேஸ் மென்பொருளுக்கு, கணினியின் பக்கத்திலே செருகும் விரலளவான குச்சியொன்றையே நெடுங்காலம் சாவியாக வைத்திருந்தது. 2022இல் குச்சியில்லாப் புதுமுறைக்கு மாறிய அந்நிறுவனம், பழைய முறைக்கான சேவையை 2025 மே 20ஆம் நாள் மூடியது. குச்சியும் கணினியும் பழுதின்றி இருக்கும்வரை பழைய உரிமம் இயங்கும். குச்சியைத் தொலைத்தவர்க்கு முன்பிருந்த மாற்றுவழி இப்போது இல்லை. மைஸ்பேஸ் என்னும் தளத்திலே 2003 முதல் 2015 வரை இளைஞர் ஏற்றி வைத்த பாடல்கள் அழிந்துபோனமை 2019இல் தெரியவந்தது. தளத்தை மாற்றியபோது அழிந்தன என்பதே கூறப்பட்ட காரணம். இரண்டாண்டு தொடாதிருக்கும் தனியாள் கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் விதி செய்து 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. எட்டாண்டு வெளிநாட்டில் உழைப்பவர்க்கு இரண்டாண்டு எம்மாத்திரம்!

நிறுவனங்களின் பக்கமும் நியாயம் உண்டு. பழைய உரிமங்களைச் சரிபார்க்கும் கணினிகளை எக்காலமும் இயக்கிக்கொண்டிருக்கப் பணம் வேண்டும். களவு இல்லையேல் பூட்டும் இராது; நம் ஊர்களிலே இறுவட்டில் பிரதி செய்து நூறு ரூபாவுக்கு விற்ற காலத்தை நாம் மறந்துவிடவில்லை. ஆயினும் ஒரு விபரீதத்தை எண்ணிப் பாருங்கள். பூட்டுடைத்த பிரதியைக் கொண்டவன் தன் பழைய பாடலை இன்றும் திறக்கிறான். காசு கொடுத்தவர் வாசலில் நிற்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கணினி நிரலொன்றின் பிரதிக்குச் சட்டப்படி உடைமையாளரானவர், அது தொலைந்தாலோ அழிந்தாலோ பயன்படாது போனாலோ ஈடு செய்தற்பொருட்டு ஒரு பிரதி எடுத்து வைத்தலை அனுமதிக்கிறது. மிக நன்று. ஆனால் இன்றைய மென்பொருளில் பிரதி எடுப்பது அரிதன்று, திறவுகோல்தான் அரிது. திறவுகோலை மீண்டும் தருமாறு அச்சட்டம் விற்றவரைப் பணிக்கவில்லை. மேலும், 'உடைமையாளர்' யார்? விற்பவர், நாங்கள் பொருளை விற்கவில்லை, பயன்படுத்தும் அனுமதியை மாத்திரமே தந்தோம் என்பர். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012 யூலை 3ஆம் நாள் ஒரக்கிள் வழக்கிலே, காலவரையறையில்லா உரிமத்துக்கு விலை கொடுத்து நிரலை இறக்கிக்கொண்டவர் அப்பிரதியை வாங்கியவரே என்று தீர்த்தது. கலிபோர்னியாவோ, 2025 சனவரி முதல் நடைமுறையிலுள்ள சட்டத்தினால், விற்பவர் 'வாங்குக' என்று எழுதுவாராயின் கொடுப்பது உரிமமே என்பதையும் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்றது. சொல்லுக்குப் பொருள் சொல்லியே வயிறு வளர்க்கும் என்போன்றாருக்கு, 'வாங்குதல்' என்னும் சொல்லுக்கு ஒரு சட்டசபை உரையெழுதப் புகுந்தமை வேடிக்கையாகவும் இருக்கிறது, வேண்டியதாகவும் இருக்கிறது.

மண்சரிவிலே பிறப்புச் சான்றிதழை இழந்தவர் மீண்டும் பெற முடிகிறது. ஏன்? மூலப் பதிவேடு பதிவாளரிடம் இருக்கிறது. பதிவாளர் மாறினும் பதிவேடு மாறுவதில்லை. அதனைத் தனியார் எவரும் விலைக்கு வாங்கி மூடிவிடவும் இயலாது. மென்பொருள் உரிமத்துக்கு அத்தகைய பொதுப் பதிவேடு எங்கும் இல்லை. ஒரு நிறுவனம் தொழிலை மூடும்போதோ பழைய முறையைக் கைவிடும்போதோ, முன்னர் விலை கொடுத்தோர் எவரையும் கேளாமல் திறந்துகொள்ளத்தக்க இறுதிப் பதிப்பொன்றை விட்டுச்செல்ல வேண்டும் என்று விதித்தல் அரசுகளுக்கு இயலாத காரியமன்று. இசைக்கருவி செய்வோர் பலர் 1983இல் ஒன்றுகூடி மிடி என்னும் பொதுமுறையை வகுத்தனர். அது எவர் பூட்டுக்குள்ளும் அகப்படாமையால் நாற்பதாண்டு கழிந்தும் வழங்குகிறது.

1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை, சுவடிகள் இற்றழியும் நிலையைத் தம் பதிப்புரைகளில் வருந்தி எழுதினார். ஏடு கொடாத கைகளும் அன்று இருந்தன. எனினும் கிடைத்த ஏட்டைப் படிக்க எவரிடமும் அனுமதி வேண்டியதில்லை. மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டி 1983இல் நூலாக்கிய சி. வி. வேலுப்பிள்ளையின் புத்தகமும் அவ்வாறே. அலுமாரியிலிருந்து எடுத்தால் திறந்துகொள்ளும். ஆனால் அச்சில் தப்பு ஒலிக்காது. அதற்காகத்தான் நம் பிள்ளைகள் கணினியை நாடினர்; அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

இளைஞருக்கு வழி காட்டியவர் பண்டாரவளையிலே கணினி திருத்தும் கடைக்காரர். பாடல்களைத் தொகுத்த பழைய கணினி எங்கே என்றார் அவர். இயங்கவில்லையென்று அப்புத்தளையில் உறவினர் வீட்டுப் பரணிலே போட்டிருந்தனர்; நல்லவேளை, பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்கவில்லை. மின்வழங்கியை மாற்றியதும் அஃது உயிர்பெற்றது. வலைத்தொடர்பு கொடுக்க வேண்டாம், கொடுத்தால் உரிமம் கேட்டு நிற்கும் என்று எச்சரித்தார். அவ்வாறே செய்ய, மென்பொருள் திறந்தது. பதினொரு பாடல்களையும் தொகுத்த வடிவிலும், ஒவ்வொரு குரலையும் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே நீளமான தனி ஒலிக்கோப்பாகவும் வெளியே எடுத்து இரண்டு வட்டுகளில் வைத்தாயிற்று. இனி எந்த மென்பொருளிலும் அவற்றை அடுக்கி வைத்தால் பாட்டாகும்.

மூன்று பாடல்களில் மட்டும் உருமி ஒலிக்கவில்லை. அது மெய்யான உருமியன்று. வேறொரு நிறுவனத்தின் செயற்கை வாத்தியமாம், அதற்கு வேறோர் உரிமமாம். அந்த உருமி போனதில் எனக்கு அத்துணை வருத்தமில்லை என்பதை இளைஞரிடம் நான் கூறவில்லை. அவர் அதற்காகவும் எழுதியிருக்கிறார். இதனை எழுதும் நாள்வரை பதில் வரவில்லை.