ஊசியும் ஒழுக்கமும்

போதைப்பொருளை ஊசி மூலம் ஏற்றுவோரை எச்.ஐ.வி. தொற்றும்போது, அதனை அவர்தம் தீயொழுக்கத்தின் பயனெனக் கொள்வோர் உளர். அத்தகையோருக்குத் தூய ஊசி வழங்குதல் தீமைக்குத் துணைபோதலாகும் என்பதும் இவர்தம் வாதமாகும். இவ்வாதம் எத்துணைப் பொருத்தமுடையது என்பது ஆராயற்பாலது.

முதற்கண் ஓர் உண்மை தெளிவுபடுத்தப்படல் வேண்டும். ஹெரோயின் எச்.ஐ.வி.யைத் தோற்றுவிப்பதில்லை. ஒருவர் பயன்படுத்திய ஊசிக்குழலில் எஞ்சும் இரத்தமே கிருமியை அடுத்தவர் உடலுட் சேர்க்கின்றது. ஆகவே, ஊசி ஏன் பகிரப்படுகின்றது என்பதே வினாவாகும்.

இதற்கு ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகர் விடை தருகின்றது. 1980களின் தொடக்கத்தில் அங்கு ஹெரோயின் பரவியபோது பொலிஸார் ஊசிக்குழல்களைப் பறித்தனர். மருந்துக் கடைகளில் அவற்றைப் பெறுதலும் அரிதாயிற்று. இதனாற் போதைப்பழக்கம் ஒழிந்ததா? இல்லை, ஒழிந்தது தூய ஊசியே. எஞ்சிய ஊசிகள் பலர் கைமாறின. 1986இல் வெளியான ஆய்வொன்றின்படி, அந்நகரின் மருத்துவ நிலையமொன்றிற் பரிசோதிக்கப்பட்ட 164 ஹெரோயின் பாவனையாளருள் 51 சதவீதத்தினர் தொற்றுக்குள்ளாகியிருந்தனர். அயலிலுள்ள கிளாஸ்கோவிலும் ஹெரோயின் மலிந்திருந்தது. ஆயினும் தொற்று மிகக் குறைவாகவே இருந்தது. ஒழுக்கக்கேடே காரணமெனின், ஒரே பழக்கம் ஈரிடத்து இருவேறு விளைவைத் தந்தது எங்ஙனம்?

தூய ஊசி வழங்கின் போதை பெருகும் என்பர். 1984இல் அம்ஸ்ரடாம் நகரில் ஊசிப் பரிமாற்றம் தொடங்கப்பட்டது. அதன் பின்னர் பல நாடுகளில் நிகழ்ந்த ஆய்வுகள் இவ்வச்சத்தை உறுதிப்படுத்தவில்லை. மாறாக, மருத்துவத்தை அணுகாதிருந்தோர் சிகிச்சையை நாடுதற்கு இந்நிலையங்களே வாயிலாயின.

எனினும் பாடம் கற்கப்படவில்லை. அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் ஊசிப் பரிமாற்றத்தைச் சட்டத்தால் தடுத்திருந்தது. 2015ஆம் ஆண்டு முடிவதற்குள், அதன் ஸ்கொட் மாவட்டத்தில் 180க்கும் மேற்பட்டோர் தொற்றுற்றமை கண்டறியப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சில் அவசரகால ஆணை பிறந்த பின்னரே ஊசி கிடைத்தது. புதிய தொற்றுகள் பெரிதும் குறைந்தன. ஆயின் 2021இல் மாவட்ட நிர்வாகத்தினர் அத்திட்டத்தை முடிவுறுத்த வாக்களித்தனர். நோய் தணிந்ததும் மருந்து வேண்டாதாயிற்று!

இஃது ஒழுக்கத்தைக் காக்கும் முயற்சியன்று. பிறர் உயிரை விலையாகக் கொடுத்துத் தம் மனச்சான்றைத் தூயதாக்கிக்கொள்ளும் முயற்சியே. போதையை வெறுப்பவரும் அதற்கு அடிமையானோர் உயிர்வாழ்வதை வேண்டுதல் கூடும். இறந்தவன் எவனும் திருந்தியதில்லை. திருந்துதற்குரிய காலத்தையேனும் தூய ஊசி தருகின்றது; அதனை மறுப்போர் ஒழுக்கத்தின் பெயரால் அக்காலத்தையே பறிக்கின்றனர்.