ஸ்பேனரும் நானும்: தடதடத்த டிரம்மும் ஒரு 6205-ம்!

போன வாரம் மிக்ஸி கப்ளர் மாத்தின கதையைப் படிச்சுட்டு, ‘இதெல்லாம் ஒரு ரிப்பேரா பாஸ்?’னு நக்கலடிச்ச ஹாஸ்டல் சிங்கங்களுக்கு முதல் வணக்கம். இந்த வாரம் கொஞ்சம் வெயிட்டான சமாசாரம். நிஜமாவே வெயிட்... அறுபது கிலோவுக்கு மேல! எங்க வீட்டு வாஷிங் மெஷின்.

எங்க வீடு கோயமுத்தூர், கணபதி. மெஷின், முன்பக்கம் கதவு வெச்ச ஃப்ரன்ட் லோடு. வயசு ஒன்பது. ரெண்டு மாசமாவே துணி பிழியுற நேரம் வந்தா, பீளமேட்டுல ஃப்ளைட் கிளம்புற மாதிரி ஒரு சத்தம். நாங்களும் டி.வி. சவுண்டை ஏத்தி வெச்சுச் சமாளிச்சோம். ஒருநாள் பாதி ஸ்பின்ல நின்னுபோச்சு. கூடவே லேசா கருகல் வாசனை.

மெக்கானிக் வந்தார். பத்தே நிமிஷம் பார்த்தார். “டிரம் பேரிங் போச்சு, மோட்டாரும் வீக். ஒம்பதாயிரம் ஆகும். அதுக்குப் புதுசே எடுத்துரலாங்க”ன்னார். அப்பா “அடுத்த மாசம் பாக்கலாம்”னார். நான் ‘சரி’ன்னு மொபைலுக்குள்ள திரும்பப் போயிட்டேன். அவ்ளோதான், பிரச்னை முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

பதினொரு நாள் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை. காலையில ஆறு மணிக்கு ‘தொப்... தொப்’னு சத்தம். எழுந்து போய்ப் பார்த்தா, பொடக்காளியில அம்மா. துவைக்கிற கல்லுல அப்பத்தாவோட பெட்ஷீட். அப்பத்தாவுக்கு ஸ்ட்ரோக் வந்து எட்டு மாசமா படுக்கைதான். ஒரு நாளைக்கு மூணு பெட்ஷீட், சில நாள் நாலு. அம்மா விரல் இடுக்கெல்லாம் சோப்புல வெடிச்சுக் கிடந்துச்சு. பக்கத்து பக்கெட்டுல என் ஜீன்ஸ் மூணு ஊறிட்டு இருந்துச்சு.

“ஏம்மா, எங்கிட்டச் சொல்லலாம்ல?”

“சொன்னா நீ என்ன பண்ணுவ கண்ணு? நீ படிக்கிற புள்ள.”

திட்டியிருந்தாகூடப் பரவாயில்லைங்க. மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறேன். பேரிங் ஆயுள் கணக்கு கேட்டா, பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புக்கைப் புரட்டி அஞ்சு நிமிஷத்துல போட்டுருவேன். லோடு ரெண்டு மடங்கானா பேரிங் ஆயுள் எட்டுல ஒரு பங்காயிடும்னு தெரியும். ஆனா ஒரு பேரிங்கைக் கழட்டி மாத்தினது? ஒரு தடவைகூட இல்லை. அம்மா சொன்னது கரெக்ட்தான். நான் ‘படிக்கிற’ புள்ள மட்டும்தான்!

அன்னிக்கே ஸ்பேனரை எடுத்தேன்.

முதல்ல நோயைக் கண்டுபிடிங்க

பிளக்கைப் பிடுங்குங்க. ஸ்விட்ச் ஆஃப் பண்ணா போதாது, பிளக்கே வெளியே இருக்கணும். கதவைத் திறந்து, டிரம்மோட மேல் விளிம்பைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டுங்க. டிரம் தனியா ‘லொடக் லொடக்’னு ஆடினா பேரிங் காலி. அப்புறம் பின்பக்க மூடியைக் கழட்டி, பெல்ட்டை எடுத்துட்டு டிரம்மைக் கையால சுத்துங்க. மாவு அரைக்கிற மாதிரி ‘கரகர’ன்னு கேட்டா சந்தேகமே வேணாம். எங்க மெஷின்ல இன்னொரு அடையாளமும் இருந்துச்சு. பெரிய புல்லிக்குப் பின்னாடி, துருவும் கிரீஸும் கலந்த கோடு ஒண்ணு கீழே வழிஞ்சு காய்ஞ்சிருந்துச்சு.

அந்தக் கோடுதான் மொத்தக் கதையும். பேரிங்குக்கு முன்னாடி ஒரு ரப்பர் ஆயில் சீல் இருக்கும். தண்ணியைத் தடுக்கிறது அதோட வேலை. அது தேய்ஞ்சதும் சோப்புத் தண்ணி உள்ளே போகும், கிரீஸைக் கழுவிவிடும், பால் துருப்பிடிக்கும். ஆக, முதல்ல செத்தது பேரிங் இல்லை, சீல். அதனால பேரிங் மாத்துறப்போ சீலையும் சேர்த்தே மாத்தணும். இருநூறு, முந்நூறு மிச்சம் பிடிக்கலாம்னு பழைய சீலையே போட்டீங்கன்னா மறுபடி முதல்ல இருந்துதான்!

இன்னொரு விஷயம். எங்க டிரம் 48 சென்டிமீட்டர் விட்டம். நிமிஷத்துக்கு 1,000 சுத்து. ஒரு கிலோ ஈரத்துணி ஒரே பக்கமா ஒட்டிக்கிட்டா அது வெளியே இழுக்குற விசை எவ்வளவு? போட்டுப் பார்த்தேன். சுமார் 2,600 நியூட்டன். அதாவது கிட்டத்தட்ட 270 கிலோ எடை தொங்குற மாதிரி! ஒத்தை ஜமுக்காளத்தை மட்டும் தனியா போட்டு ஸ்பின் விடுறவங்க கொஞ்சம் யோசிங்க ப்ளீஸ்.

பிரிக்கிற படலம்

ஒவ்வொரு வயரையும் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ. ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தனித்தனி டம்ளர்ல, பேர் எழுதி ஒட்டி. இது ரெண்டும் செய்யலைன்னா, மெஷினைத் திரும்ப மாட்டுறப்போ நாலு ஸ்க்ரூ மீந்து நிக்கும். அனுபவம்! (மிக்ஸி கதை ஞாபகம் இருக்குல்ல?)

குழாயை மூடி, கீழே இருக்கிற ஃபில்டரைத் திறந்து மிச்சத் தண்ணியை வடிங்க. மேல் மூடி, சோப்பு டிராயர், முன்பக்க ரப்பரைப் பிடிச்சிருக்கிற கம்பி வளையம், ஹீட்டர் வயர், மோட்டார்... எல்லாம் ஒண்ணொண்ணா வெளியே. உள்ளே கான்கிரீட் கட்டி பார்த்ததும் ஆடிப்போயிட்டேன். எடை ஏத்தி ஏமாத்துறாங்களோன்னு நெனைக்காதீங்க. ஸ்பின்ல மெஷின் குதிச்சு ஓடாம இருக்க அது வேணும். அதைக் கழட்டினாதான் டப்பைத் தூக்கவே முடியும். தூக்க ரெண்டு ஆள் வேணும். அப்பாவைக் கூப்பிட்டேன். “பாத்துடா, திரும்ப மாட்டிருவீல்ல?”ன்னு கேட்டுக்கிட்டே ஒரு பக்கம் பிடிச்சார்.

இங்கே ஒரு முக்கியமான செக். வெளி டப்போட ரெண்டு பாதியும் ஸ்க்ரூ போட்டுச் சேர்ந்திருக்கா, இல்ல உருக்கி ஒட்டினதான்னு, வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பாருங்க. ஒட்டின டப்புன்னா ரம்பம் போட்டு அறுக்கணும். முதல் ரிப்பேருக்கு அது வேணாம். எங்களுது ஸ்க்ரூ. தப்பிச்சேன்.

புல்லி போல்ட்டைக் கழட்டி, அந்த போல்ட்டையே பாதி திரும்ப முறுக்கி, மேல மரக்கட்டை வெச்சு சுத்தியலால தட்டினேன். நேரா ஷாஃப்ட்டுல அடிச்சா மரை போயிடும். டிரம் வெளியே வந்துச்சு. அதோட முதுகுல மூணு கை வெச்ச ஒரு அலுமினிய பாகம் இருக்கும், ஸ்பைடர்னு சொல்வாங்க. டிரம் ஸ்டீல், இது அலுமினியம், நடுவுல சோப்புத் தண்ணி. கெமிஸ்ட்ரி லேப்ல படிச்ச அரிமானம் இங்கே நேர்லயே தெரிஞ்சுது. சுரண்டிப் பார்த்தேன். மேல வெள்ளையாப் பூத்திருந்தாலும் விரிசல் இல்லை. விரிசல் இருந்திருந்தா பேரிங் மாத்தியும் பிரயோஜனமில்லை. ஷாஃப்ட்டுல சீல் உட்கார்ற இடத்துல நகம் மாட்டுற அளவுக்குப் பள்ளம் இருந்தாலும் அதே கதிதான்.

6205-ன்னா என்ன?

பழைய பேரிங்கைத் துடைச்சா நம்பர் தெரியும். டிரம் பக்கம் 6205, புல்லி பக்கம் 6204. இந்த நம்பர் சும்மா இல்லை மக்களே. கடைசி ரெண்டு இலக்கத்தை அஞ்சால பெருக்குங்க. 05-னா 25 மில்லிமீட்டர், 04-னா 20. அதுதான் உள் துளை. (00 முதல் 03 வரைக்கும் இந்தக் கணக்கு செல்லாது. அது முறையே 10, 12, 15, 17.) கூட ‘2ஆர்எஸ்’னு இருந்தா ரெண்டு பக்கமும் ரப்பர் மூடி. ‘இசட்இசட்’னா இரும்புத் தகடு மூடி. ஈரம் புழங்குற இடத்துக்கு ரப்பர் மூடிதான் சரி. பிராண்டு எதுவா இருந்தாலும் அளவு ஒண்ணுதான், 6205-னா 25-க்கு 52-க்கு 15. காந்திபுரம் பக்கம் ஒரு பேரிங் கடையில நம்பரைச் சொன்னதும், டீயைக் கீழே வைக்காமலே எடுத்துக் குடுத்தார் கடைக்காரர்.

நான் செஞ்ச சொதப்பல்

பழைய பேரிங்கை உளியாலயும் சுத்தியலாலயும் எதிரெதிர் பக்கமா மாத்தி மாத்தித் தட்டி வெளியே எடுத்தாச்சு. புதுசை உள்ளே போடணும். ஒரு இரும்புக் குழாயை பேரிங் நடுவுல, உள் வளையத்துல வெச்சு, ‘டங் டங்’னு நாலு அடி. ஜம்முனு உட்கார்ந்துச்சு. ஹீரோ மாதிரி ஃபீல் பண்ணிக்கிட்டே சுத்திப் பார்த்தேன். ‘டிக்... டிக்... டிக்.’

எங்க தெருக்கோடியில ஒரு லேத் பட்டறை. கணபதியில தடுக்கி விழுந்தா ஒரு பட்டறைதான். கழட்டி எடுத்துட்டு ஓடினேன். பட்டறை அண்ணன் அதைக் காதுகிட்ட வெச்சு ஒரு சுத்து சுத்தினார்.

“செத்துப்போச்சு தம்பி. எங்க அடிச்சீங்க?”

“உள் வளையத்துலங்ணா...”

“ஹவுசிங்ல இறுக்கமா உக்கார்றது வெளி வளையமுங்க. உள்ளே அடிச்சா அடி பூராம் பால் வழியாத்தானே போகும்? பாதையில குழி விழுந்துரும்.”

நாலு செமஸ்டர் சொல்லாததை நாலு செகண்ட்ல சொல்லிட்டார். இன்னொரு 6204 வாங்கிட்டு வந்தேன். ராத்திரி ஃப்ரீஸர்ல, பாலிதீன் கவர்ல சுத்தி வெச்சேன். (அம்மா, “இது என்ன கண்ணு, ஐஸ்கிரீமா?”) காலையில ஹவுசிங்கை ஹேர் டிரையரால சூடு பண்ணி, பழைய பேரிங்கை மேல வெச்சு, வெளி வளையத்துல மட்டும் தட்டினேன். முழுசா உட்கார்ந்ததும் சுத்தியல் சத்தம் மாறும். ‘டொக்’குன்னு இருந்தது ‘டிங்’குன்னு ஆகும். அப்போ நிறுத்திடணும். பிறகு சீல், அதோட உதட்டுல தண்ணிக்குக் கரையாத கிரீஸ்.

மோட்டாருக்கு என்ன கோளாறு?

கோயமுத்தூர்ல இருந்துக்கிட்டு மோட்டாரைப் பார்த்து பயப்படலாமா? 1937-ல ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவோட முதல் மோட்டாரைச் செஞ்ச ஊராச்சே! பிரிச்சேன்.

எங்களுது யுனிவர்சல் மோட்டார், மிக்ஸியில இருக்குற அதே ஜாதி. உள்ளே செம்புப் பட்டைகள் வெச்ச கம்யூடேட்டர், அதை உரசிக்கிட்டே கரன்ட் குடுக்குற ரெண்டு கார்பன் பிரஷ். பென்சில் மாதிரி, தேயத்தான் செய்யும். எங்களுதுல ஒண்ணு ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே. சரியா உரசாம பொறி பறந்துதான் அந்தக் கருகல் வாசனை. காயில் கருகலை, மோட்டாரோட சொந்த பேரிங்கும் சத்தமில்லாம சுத்துச்சு. ரெண்டு பிரஷ்ஷையும் ஜோடியா மாத்தி, கம்யூடேட்டரை நைஸான மணல் காகிதத்தால லேசா துடைச்சேன். எமரி பேப்பர் வேணாம், அதோட தூள் பட்டைகளுக்கு நடுவுல தங்கி ஷார்ட் ஆக்கலாம். காயிலே கருகியிருந்தா நான் தொட்டிருக்க மாட்டேன். காயில் கட்டுற கடைக்குத்தான் போயிருப்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்க. பிரஷ்ஷே இல்லாத இன்வர்ட்டர் மோட்டார்னா இந்தப் பாராவையே மறந்துடுங்க.

கடைசியில...

மாட்டி முடிக்க ராத்திரி ஒன்பது. (ஸ்க்ரூ மீறலை!) மூடி எல்லாம் மாட்டின பிறகுதான் பிளக். முதல்ல துணி இல்லாம ஓட்டினேன். முன்பக்க ரப்பர் வழியா சொட்டு சொட்டா தண்ணி. கம்பி வளையம் சரியா உட்காரலை. மறுபடி கழட்டி, மறுபடி மாட்டி, பத்தரைக்கு ஸ்பின்.

கணக்கு சொல்லிடுறேன். 6205 ஒண்ணு 280, 6204 ரெண்டு (ஒண்ணு என் திமிருக்கு) 440, சீல் 350, பிரஷ் ஜோடி 300, கிரீஸ் 80. ஆக 1,450 ரூபாய். கூடவே ரெண்டு நாள், ஒரு நசுங்கின கட்டைவிரல்.

அந்த மெக்கானிக் மேல எனக்குக் கோபம் இல்லைங்க. ரெண்டு நாள் வேலைக்கு அவருக்கும் கூலி வேணும்ல? ஆனா பதினொரு நாள் அந்தச் சத்தம் பொடக்காளியில இருந்து கேட்டுட்டேதான் இருந்திருக்கும். ஒம்பதாயிரம்னு காதுல விழுந்த எனக்கு, அது மட்டும் விழலை.

ஸ்பின் ஓடிட்டு இருக்கும்போது அம்மா வந்தாங்க. கொஞ்ச நேரம் நின்னாங்க. “சத்தமே காணோம், ஓடுதா?”ன்னு மூடி மேல கையை வெச்சுப் பார்த்தாங்க. ஓடுதுன்னு தெரிஞ்சதும், உள்ளே போய் அப்பத்தா பெட்ஷீட்டை எடுத்துட்டு வந்தாங்க. நான் கையை நீட்டி வாங்கிக்கிட்டேன்.

“அப்ப உன் ஜீன்ஸையும் இனி நீயே போட்டுக்க கண்ணு.”

அதுதான் நடக்குது மக்களே. காலையில பெட்ஷீட் என் டியூட்டி, கொடியில காயப்போடுறது அப்பா. அவர் கிளிப் போட மறந்து, ரெண்டு பெட்ஷீட் பக்கத்து வீட்டு மாமரத்துல!

அடுத்த வாரம் சீலிங் ஃபேன். மெதுவா சுத்துதுன்னு ரெகுலேட்டரைத் திட்டாதீங்க. குற்றவாளி வேற. அதுவரைக்கும், பிளக்கைப் பிடுங்கிட்டே வேலையை ஆரம்பிங்க. பை!